தவழ்ந்ததற்கு எள்ளுருண்டை

திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு பாத்திரக் கடை மாடியில் நான் நடன வகுப்பு தொடங்கிய புதிதில், பிள்ளைகளின் அம்மாக்கள் படியேறி வந்து சண்டை போட்டார்கள்.

"தரையில உருளாதன்னு வீட்டுல ரெண்டு போட்டு வளக்குறோம். இங்க வந்தா நீங்களே உருட்டி விடுறீகளே டீச்சர்! டான்ஸ் எப்பத்தான் சொல்லிக் குடுப்பீக?"

பரதம் என்றால் சலங்கை, தட்டடவு என்று நினைத்து அனுப்பியவர்கள் அவர்கள். நானோ சின்னப் பிள்ளைகளை முதலில் சிவப்புச் சிமெண்டுத் தரையில் படுக்க வைத்தேன். மூச்சு விடுவது, சுருண்டு விரிவது, புரள்வது, தவழ்வது, பிறகுதான் நிற்பது. குழந்தை முதல் வருடத்தில் எந்த வரிசையில் அசையப் பழகுகிறதோ, அதே வரிசையில் மறுபடி போய்வந்தால் ஆட்டம் உடம்பில் தானாகப் படியும் என்று மதுரையில் ஒரு பயிற்சியில் கற்றிருந்தேன். அங்கே மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். எனக்கு அழுகை வந்தது. என் மகளின் அந்த முதல் வருடத்தில் பெரும்பகுதியை நான் பார்த்ததே இல்லை.

பிரசவ விடுப்பு முடிந்ததும் நான் பள்ளிக்கூட வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. கணவருக்கு வெளியூரில் வேலை. குழந்தையைத் தொப்பம்பட்டியில் அவருடைய அக்காவிடம் விட்டேன். எனக்கு அண்ணி, மகளுக்கு அத்தை. தங்கமான மனுஷி, அதனால் கோபப்படக்கூட வழியில்லாமல் போயிற்று.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை எதைப் புதிதாகச் செய்தாலும் அதற்கென்று ஒரு பலகாரம் செய்து ஊருக்குக் கொடுப்பார்கள். குப்புற விழுந்தால் கொழுக்கட்டை, உட்கார்ந்தால் சுண்டல், தவழ்ந்தால் எள்ளுருண்டை, முதல் அடி வைத்தால் அப்பம். காய் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வரும் அண்ணன், அண்ணியின் கணவர், எனக்கான பங்கை ஒரு தூக்குவாளியில் போட்டு திண்டுக்கல் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். பேருந்து நிலையத்தில் மூடியைத் திறந்துதான் என் பிள்ளை என்ன செய்தாள் என்று தெரிந்துகொள்வேன். கொழுக்கட்டை வந்தது. சுண்டல் வந்தது. எள்ளுருண்டைக்குக் காத்திருந்தேன். ஒரு நாள் அப்பம் வந்துவிட்டது.

அடுத்த முறை போனபோது கேட்டேன்.

"தவழவே இல்ல கண்ணு. உக்காந்தமேனிக்கே நகந்தா, அப்படியே எந்திரிச்சு நடந்துட்டா. செய்யாததுக்கு எப்படி எள்ளுருண்டை புடிக்கறது?" என்றார் அண்ணி.

அப்பத்தையும் என்னால் ரசித்துத் தின்ன முடியவில்லை.

பள்ளியில் சேர்க்கும் வயதில்தான் மகள் என்னிடம் வந்தாள். என் வகுப்பிலும் சேர்ந்தாள். மற்றவை எல்லாம் வந்தன, தவழ மட்டும் வரவில்லை. வலது கை போனால் இடது கால் போக வேண்டும். அவளுக்கோ ஒரே பக்கத்துக் கையும் காலும் சேர்ந்தே கிளம்பும், இரண்டெட்டில் சாய்ந்துவிடுவாள். பிள்ளைகள் சிரிக்கும். "அத்தை வீட்டுக்குப் போறேன்" என்று மூலையில் போய் நிற்பாள். அடவு வருமோ வராதோ, அதை விட்டுத்தள்ளலாம். அவள் தவழ்வதை நான் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

முழுப்பரீட்சை விடுமுறைக்கு அவளை அழைத்துப்போக அண்ணி வந்தார். வகுப்பு முடியட்டும் என்று மஞ்சள் பையோடு எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பிள்ளைகளை இந்தச் சுவரோரம் வரிசையாக மண்டியிட வைத்துவிட்டு நான் பின்னால் நின்று தாளம் போட்டேன்.

"வா சாமி, வா" என்றார் அண்ணி.

மகள் கிளம்பினாள். வலது கை, இடது கால். இடது கை, வலது கால். யாரும் சொல்லித் தராதது போலப் போய்க்கொண்டே இருந்தாள். எனக்குத் தாளம் நின்றுவிட்டது. நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்ததெல்லாம் அவளுடைய முதுகும் அழுக்கான உள்ளங்கால்களும்தான். முகத்தை அண்ணி பார்த்தார்.

அந்த வாரமே தூக்குவாளி வந்தது. பேருந்து நிலையத்தில் நின்றபடி மூடியைத் திறந்தேன். எள்ளுருண்டை. ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதேன்.

விடுமுறை முடிந்து அவள் வந்ததும், முதல் வகுப்பிலேயே நான் எதிர்ச் சுவரில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"வா சாமி, வா" என்றேன்.

"அதான் வந்துருச்சுல்லம்மா, இன்னும் எதுக்கு?" என்று எழுந்தவள், பாவாடையைத் தட்டிவிட்டு ஓடியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இப்போது அவள் வேலைக்காக வேறு ஊரில் இருக்கிறாள். வகுப்பு தொடங்கும்போது இன்றும் நான் அந்தச் சுவரில்தான் உட்காருகிறேன். யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ என் முகத்தைப் பார்த்தபடி தவழ்ந்து வருகிறார்கள்.