டேக்கில் ஏறிய ஐம்பது கிலோ

ஓசூர் தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் நான் எடை மேடைக்காரி. லாரி மேடையில் ஏறி நின்றால், உள்ளே என் மேஜையில் இருக்கும் பெட்டி எடையைச் சிவப்பு எழுத்தில் காட்டும். தொண்ணூறுகளின் கடைசியில் அதோடு ஒரு புதுச் சங்கதியும் சேர்ந்தது. எங்கள் லோடு ஏற்றும் லாரிகளின் முன்கண்ணாடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு எலக்ட்ரானிக் டேக் ஒட்டினார்கள். வெறும் வண்டியை ஒரே ஒரு தடவை எடை போட்டு டேக்கில் ஏற்றிவிட்டால் போதும். பிறகு லோடுடன் வரும்போது பெட்டியே வண்டியின் எடையைக் கழித்துச் சரக்கின் எடையைச் சொல்லிவிடும். கர்நாடக எல்லை தாண்டி எங்கள் முதலாளிக்கே ஓர் உருக்காலை இருந்தது. அதன் கேட்டிலும் ஒரு கருவி வைத்தார்கள். அங்கே போக வேண்டிய லோடுதான் என்றால் அது கூவும், கேட் திறக்கும். மாட்டிவிட்டுப் போன பெங்களூர்ப் பையன்கள், இனிமேல் மனிதர் தப்பு செய்யவே முடியாது என்று என்னிடம் பெருமை அடித்துக்கொண்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. நான் என்ன அதுவரை தப்பாகவா எடை போட்டுக்கொண்டிருந்தேன்?

லேத்தில் சீவி விழும் இரும்புச் சுருளை அந்த ஆலைக்கு உருக்க அனுப்புவோம். அந்த நடையை ஓட்டியவர், கிரானைட் கல்லுக்குப் பேர்போன பர்கூரைச் சேர்ந்தவர். சின்ன வயது. வாயைத் திறப்பதே அபூர்வம், திறந்தால் நாலு வார்த்தையில் மூன்று 'ங்க' இருக்கும். என்னை அக்கா என்பார். கிளீனர் கிடையாது, தனியாகத்தான் வருவார்.

டேக் வந்து சில மாதம் கழித்து அந்த ஆலையிலிருந்து போன் வந்தது. அவர்கள் லாரியை லோடோடு ஒரு தடவை, இறக்கிய பின் ஒரு தடவை என்று எடை போடுகிறவர்கள். வழியில் சரக்கு குறைவது ஊரறிந்த கதை. இவர் வண்டியிலோ வழியில் சரக்கு கூடுகிறதாம். டீசல் கூடக் குறைய இருப்பதால் பத்து இருபது கிலோ முன்னே பின்னே போகும், யாரும் கேட்க மாட்டார்கள். இது நடைக்கு நடை ஐம்பது கிலோ. வேறு எந்த வண்டியிலும் இல்லை.

எங்கள் டெஸ்பாட்ச் ஆபீசர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கெட்டவர் இல்லை, ஆனால் எண்ணைப் பார்த்தால் ஆளைப் பார்க்க மாட்டார். பர்கூர்க்காரரின் வண்டியை வெறுமனே மேடையில் ஏற்றச் சொன்னார். டேக்கில் இருந்ததைவிட ஐம்பது கிலோ குறைவாகக் காட்டியது. விஷயம் புரிந்துவிட்டது. டேக்குக்காக எடை போட்ட அன்று வண்டிக்குள் ஏதோ ஒரு பாரம் கூட இருந்திருக்கிறது. அன்றிலிருந்து அந்த அளவு இரும்பு, கணக்கில் வராமலே ஏறிப்போகிறது. வெறும் வண்டி எடைக்குக் கல்லை ஒளித்துவைப்பது லாரி உலகத்தில் பழைய தந்திரம்.

"சீட்டுக்கு அடியில என்னத்தல வச்சிருந்த? உங்க ஊருக் கல்லா?" என்றார் ஆபீசர்.

"கல்லு இல்லீங்க சார்."

"பெறவு என்ன?"

பர்கூர்க்காரர் வண்டிச் சாவியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இன்னைக்குக் கூடுது. நாளைக்கு அந்த அம்பதை வழியில எறக்கிட்டா யாருக்குத் தெரியும்? காலைல நீயே வந்து சொல்லணும். இல்லைன்னா வண்டிக்கு வேற ஆளு."

அவர் வெளியே வந்ததும் பின்னாலேயே போய், "தம்பி, என்ன இருந்துச்சுன்னு என்கிட்டயாவது சொல்லு" என்றேன். "வேலை போனாப் போகுதுங்க அக்கா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். வேலை போனால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வாய் எதற்கு இருக்கிறது?

காலையில் கேட்டில் அவரோடு ஒரு பெண் நின்றாள். அவர் தலை குனிந்திருந்தார், அவள் நிமிர்ந்திருந்தாள். வாட்ச்மேன் தடுத்ததைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நேரே என் அறைக்கு வந்தாள். ஆபீசர் அங்கேதான் இருந்தார்.

"அந்த அம்பது கிலோ நானுங்க சார்" என்றாள். தெலுங்கு கலந்த தமிழ். ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிற குடும்பமாம். வீட்டில் ஒத்துக்கொள்ளாததால் அவரை நம்பிக் கிளம்பி வந்திருக்கிறாள். அவள் வந்த அன்று வாடகை அறை சாயங்காலம்தான் கிடைக்கும் என்றிருந்தது, அண்ணன்மார் பஸ் ஸ்டாண்டில் தேடிக்கொண்டிருந்தார்கள், போக்கிடம் இல்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், படுதாவுக்குள் படுத்திருந்தாளாம். அன்றைக்குப் பார்த்து டேக்குக்காக எடை போடச் சொல்லிவிட்டார்கள். வெளி ஆளை வண்டியோடு உள்ளே கொண்டுவந்தால் அன்றே சீட்டுக் கிழியும் என்பது எங்கள் கம்பெனி விதி.

"நான் வந்தது வெளிய தெரிஞ்சா எங்க அண்ணனுங்க காதுக்குப் போயிரும்னு இது வாயே தெறக்கல. திருடன்னு பேரு எடுக்கிறதுக்கு, தெரிஞ்சாத் தெரியட்டும் சார்."

ஆபீசர் மூலையில் இருந்த பார்சல் தராசைக் காட்டினார். "ஏறும்மா" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண்ணைச் சரக்கு மாதிரி நிறுத்துவதா என்று நான் வாயெடுப்பதற்குள் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிவிட்டாள். வாசலில் நின்ற புருஷன் ஒரு அடி முன்னால் வந்தார். முள் ஆடி ஆடி ஐம்பத்தெட்டில் நின்றது.

"எட்டு கிலோ கூடக் காட்டுதே" என்றார் ஆபீசர், முள்ளைப் பார்த்தபடியே. கண் முன்னால் நிற்கிறவளை அவர் இன்னும் பார்க்கவில்லை. நான் அவள் உள்ளே நுழைந்தபோதே பார்த்துவிட்டேன்.

அதுவரை நிமிர்ந்திருந்தவள் இப்போதுதான் தலையைக் குனிந்தாள். முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் ஒருத்திதானே சார் இருந்தேன்."

ஆபீசர் அவளை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். பிறகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிவந்து தராசுக்குப் பக்கத்தில் போட்டார்.

"பாத்து எறங்கும்மா. மொதல்ல உக்காரு."