திர்ஹாமுக்குத் தலை இல்லை

எண்பதுகளில் ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் பி.காம். படித்தேன். புள்ளியியல் பேப்பர் ஒன்றுதான் பாக்கி. மே மாதம் திருச்சியில் பரீட்சை. இந்தத் தடவை எழுதாவிட்டால், அடுத்த தடவைக்குள் பாடத்திட்டம் மாறிவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். லீவு கேட்டதற்கு மலையாளி சூப்பர்வைசர் "நோக்காம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். பார்க்கலாம் என்றால் தருவேன் என்றா, மாட்டேன் என்றா?

வெள்ளிக்கிழமை ரூமில் வீட்டுப்பாடம் போட உட்கார்ந்தேன். ஒரு நாணயத்தைச் சுண்டினால் தலை விழ நிகழ்தகவு என்ன? அரை. இதுகூடவா ஒரு கேள்வி என்று எரிச்சல் வந்தது. ஒரு கணக்குப் போடுவேன், எழுந்து போய் சூப்பர்வைசர் வருகிறாரா என்று வாசலைப் பார்ப்பேன், திரும்பி வந்து அதே கணக்கை மறுபடி போடுவேன்.

அடுக்குக் கட்டிலில் எனக்குக் கீழே படுக்கிறவன் மன்னார்குடிப் பக்கம். அவனும் லீவு கேட்டிருந்தான். பிறந்த மகளை இன்னும் பார்க்கவில்லை.

மத்தியானம் சூப்பர்வைசர் வந்தார். "ஒராளுக்குத்தான் லீவு. ரெண்டு பேரும் பேசித் தீர்மானிச்சு சாயங்காலம் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என்ன பேசுவது? என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன்தான் ஒரு திர்ஹாமை எடுத்து நீட்டினான்.

"நீதான மாப்ள படிச்சவன். சுண்டு."

தலை என்று சொல்லிச் சுண்டினேன். காசு தரையில் உருண்டு கட்டில் காலில் முட்டி விழுந்தது. குனிந்து பார்த்தோம். கூஜா படம். திருப்பினேன். அரபி எழுத்து. அந்தக் காசில் தலையே கிடையாது. தினமும் கையில் புழங்குகிற காசுதான், பழக்கதோஷத்தில் வாய் தலை என்றுவிட்டது.

"ராஜா இருக்க வேண்டிய இடத்துல கூஜா இருக்கு. அதான் தலை" என்று வாதாடினேன்.

"காப்பி ஊத்துற சாமான் எப்படிடா தலையாவும்?"

ஒரு பரீட்சைக்காகக் கூஜாவுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் விட மனமில்லை.

கடைசியில் அவன் பெட்டியைத் திறந்து ஓர் ஊர் ரூபாயை எடுத்தான். மீனம்பாக்கத்தில் இறங்கியதும் பஸ்ஸுக்கு ஆகும் என்று வரும்போதே எடுத்து வைத்தது.

"இதுல சிங்கம் இருக்கு. தலைன்னா தலைதான். இப்ப சொல்லு."

மறுபடியும் தலை என்றேன். பூ விழுந்தது.

எனக்கு அழுகை வந்தது. அவனுக்கும் வந்தது, வேறு காரணத்துக்கு. எதற்கென்று தெரியாமலே நோட்டை எடுத்து, விட்ட இடத்திலிருந்து அரை, கால், அரைக்கால் என்று எழுதிக்கொண்டே போனேன். அவன் அந்த ரூபாயைச் சட்டையில் துடைத்துத் திரும்பவும் பெட்டியில் வைத்தான், பஸ்ஸுக்கு.