கிழிந்துபோன முடிவு

கண்டி நூலகத்தில் மகளுக்குப் படப்புத்தகம் தேடியபோது அந்தப் பழைய நாவல் கையில் பட்டது. பூஞ்சணத் தாளின் வாசம் என்னை ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் வாழ்ந்த லயத்து வீட்டுக்கு இழுத்துப் போனது.

அங்கே எங்களிடம் இருந்த பிரதியில் கடைசிப் பக்கங்கள் இல்லை. அடிக்கும் கணவனை விட்டுப் போனவள் திரும்பினாளா என்று அம்மாவும் சித்தியும் அடுப்படியில் வாதாடுவார்கள்.

"ரோசக்காரி அவ, அக்கா. வரமாட்டா," என்பார் சித்தி.

"புள்ளைங்கள விட்டுட்டு எங்கடி போவா? வந்திருப்பா," என்பார் அம்மா, அப்பா முறுக்கிய கையைத் தடவியபடி. அம்மாவும் ஒருமுறை அப்பாவை விட்டுக் கம்பளைக்குப் போய், எங்களுக்காகத் திரும்பியவர்.

நூலகத்தில் நின்றபடியே முடிவைப் படித்தேன். அவள் திரும்பவில்லை, பிள்ளைகளைத் தன்னிடம் அழைத்துக்கொண்டாள்.

சொல்வதா வேண்டாமா என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்தேன். வீட்டில் அம்மா, வளைந்த கையால் மகளுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த நாவல் கெடைச்சிச்சும்மா. அவ திரும்பி வந்துட்டா."

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்று அம்மா அடுத்த உருண்டையைப் பிடித்தார்.