சவரி அண்ணன் போனதை எங்க வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள்

ராஜபாளையம் பைக் மெக்கானிக் சவரிமுத்து அண்ணன் நேற்று காலையில் இறந்துவிட்டார். ஒர்க் ஷாப்பைத் திறந்து பத்து நிமிஷம் கூட ஆகவில்லை... நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இன்று மத்தியானம் அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் இருந்து இப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்தேன்.

அண்ணன் போட்டோவைப் போட்டு நிறைய பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லோரையும் கும்பிட்டுக் கேட்கிறேன்... எங்க வீட்டுக்காரருக்கு யாரும் போன் பண்ணிச் சொல்லாதீர்கள். அவர் இன்னும் வீடு வந்து சேரவில்லை.

மிலிட்டரியில் இருந்து ரிட்டையர் ஆனதும் நேபாளத்துக்கு, முக்திநாத் பெருமாளைப் பார்க்க, பைக்கிலேயே போனார். உங்களுக்குத் தெரியும். ஐம்பது நாள் ஆகிவிட்டது. நேற்றுதான் பார்டரைத் தாண்டி நம் நாட்டுக்குள் வந்திருக்கிறார். இன்னும் ஐந்து நாள் ஓட்டம் இருக்கிறது.

டச் போன் அங்கே மழையில் நனைந்து போய்விட்டது. கையில் இருப்பது பட்டன் போன். அதனால் ஃபேஸ்புக் பார்க்க மாட்டார். யாராவது கூப்பிட்டுச் சொன்னால்தான் உண்டு... அதுதான் பயம்.

அவர் அப்பா இறந்ததையும் இப்படித்தான் ஒருத்தர் போனில் சொன்னார். லீவில் வந்திருந்த நேரம். அழுதுகொண்டே வண்டியை எடுத்தவர், வன்னியம்பட்டி பக்கத்தில் லாரியில் மோதிவிட்டார். காலில் வைத்த கம்பி இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

நொறுங்கிப்போன அந்த வண்டியைச் சரி பண்ணியது சவரி அண்ணன். அவரை மறுபடி அதில் ஏறி உட்கார வைத்ததும் அண்ணன்தான்.

நேபாளம் கிளம்பின அன்று ஹேண்டில்பாரில் ஆண்டாள் கோயில் துளசியைக் கட்டினேன். அண்ணன் பார்த்துச் சிரித்தார்.

"ஒங்க ஆளு முன்னாடி உக்காந்தாச்சு. எங்க ஆளு பின்னாடி உக்காரட்டும் தங்கச்சி." சீட்டைக் கழற்றி, அடியில் அந்தோணியார் படம் ஒன்றை ஒட்டினார். "மாப்ளட்ட சொல்லிராத. மிலிட்டரிக்காரன், கேலி பண்ணுவான்."

இன்று வரை நான் சொல்லவில்லை.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க வீட்டுக்காரர் எங்கே இருந்தாலும் வண்டியை டபுள் ஸ்டாண்டில் ஏற்றி, கியர் போட்டு ஓடவிட்டு, போனை அதன் பக்கத்தில் பிடிப்பார். இங்கே அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எது சரியில்லை என்று சொல்லிவிடுவார்.

பிறகு அண்ணனிடம் இருந்து எனக்குப் போன் வரும். "வண்டி நல்லா இருக்கு. ஓட்டுதவனும் நல்லா இருக்கான். சோத்தத் தின்னுட்டுப் படு."

அதைக் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். ஐம்பது நாளும் அப்படித்தான்.

"சத்தத்த வச்சு எப்படிண்ணே கண்டுபிடிக்கீக?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ தறியில வேலை பாக்கியே. நூல் அறுந்தா கண்ணால பாத்தா கண்டுபிடிக்க?"

"இல்லண்ணே. சத்தம் மாறிரும்."

"அம்புட்டுதான். இதுக்குப் போயி என்னயப் பெரிய டாக்டரு ஆக்காத."

நேற்று சாயங்காலம் அண்ணனை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். நானும் அண்ணன் சம்சாரம் மதினியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். சரியாக ஆறு மணி... மதினி மடியில் இருந்த அண்ணனுடைய போன் அடித்தது. 'மிலிட்டரி மாப்ள' என்று வந்தது.

மதினி என்னைப் பார்த்தார். எடுக்காதீர்கள் என்று தலையை ஆட்டினேன். அடித்து அடித்து ஓய்ந்தது. அடுத்து என் போன் அடித்தது.

வீட்டை ஒட்டி இருக்கிற ஒர்க் ஷாப்புக்குள் ஓடிப்போய் எடுத்தேன்.

"ஏட்டி, அண்ணன் ஏன் போன எடுக்கல?"

"சார்ஜ் இல்லையாம்."

"அங்க என்ன அழுக சத்தம்?"

"உள்ள மதினி சீரியல் பாக்காவ."

"அப்ப நீ ஒர்க் ஷாப்லயா இருக்க? நல்லதாப் போச்சு. ஒன் போன அண்ணன் காதுல வையி."

நான் பதில் சொல்வதற்குள் போனை வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டார். நான் என் காதிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பக்கம் வண்டி ஓடுகிறது. இந்தப் பக்கம் அழுகை. நடுவில் ஒரு 'டக்'... கொஞ்சம் விட்டு மறுபடி 'டக்'.

நிஜமாகவே கேட்டதா, என் பயம்தான் அப்படிக் கேட்டதா... இப்போதும் தெரியவில்லை.

"அண்ணன் என்ன சொல்லுதாவ?"

"செயினக் காட்டிட்டுப் போகச் சொல்லுதாவ."

"அவியட்ட குடு, பேசுதேன்."

"கையெல்லாம் ஆயிலுங்க."

எப்படி அந்தப் பொய் வந்தது என்று தெரியவில்லை. அண்ணன் உட்காருகிற ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டார். "இங்க ஒரு மெக்கானிக்கிட்ட காட்டிட்டேன். ஒண்ணும் இல்லங்கான். ஆனா அண்ணன் சொன்னா சும்மா இருக்காது... நாளைக்கும் ஒரு எடத்துல பாத்துக்கிடுதேன். அண்ணனுக்குத் தாங்க்ஸ் சொல்லிரு."

இன்று அடக்கத்தில் அவர் பங்குக்கும் ஒரு பிடி மண் போட்டேன்.

இதை எப்படி மறைத்தாய் என்று கேட்பார். திட்டுவார். திட்டட்டும்... வீட்டு வாசலில் வந்து நின்று திட்டட்டும்.

மணி ஆறாகப் போகிறது. இப்போது போன் வரும். இன்றைக்கும் என் காதில்தான் வைத்துக் கேட்க வேண்டும்.

சவரி அண்ணே... அவிய ஒங்களுக்குத் தாங்க்ஸ் சொல்லச் சொன்னாவ.

சொல்லிட்டேன். நீங்க தூங்குங்கண்ணே.