கொடிமரத்துக்கு வழி காட்டியவன்

காட்டுப்பாக்கத்துப் பழைய ஊரில் ஹேமநாதனுக்கென்று ஒரு தனி மரியாதை இருந்தது. அவன் வம்சத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் அவன்தான். அப்பா பயிர் வைத்தவர்; வயல்கள் மனைகளான பிறகு செங்கல் லோடு இறக்கியவர். மகன் பி.இ. முடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தான். ஆதாரில் பெயர் திருத்தவும் பட்டா நகல் எடுக்கவும் ஊர் அவன் வீட்டுக்குத்தான் வந்தது. தினமும் பைக்கில் கிளம்பும்போது போனில் மேப்பைப் போட்டுவிட்டு, காதில் அது சொல்லச் சொல்ல, எந்தச் சந்தில் நுழைந்தால் நெரிசல் இல்லையோ அதில் நுழைந்து போவான். "ஹேமா போற வழியே வேற" என்று நண்பர்கள் சொல்வதில் அவனுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

ஊர்ப் பெருமாள் கோயிலின் கொடிமரம் உளுத்துப்போனதால், செங்கோட்டைப் பக்கத்திலிருந்து புதிதாகத் தேக்கு வாங்கினார்கள். நாற்பத்திரண்டு அடி. ஒரு வெள்ளிக்கிழமை காலை அது வந்து சேருவதாக ஏற்பாடு. கோயில் தர்மகர்த்தா வரதன், ஹேமநாதனுக்குப் பெரியப்பா. அவர் முதல்நாளே கூப்பிட்டுச் சொன்னார்.

"பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள மரம் கோயில் வாசல்ல நிக்கணும். வெளியூர் டிரைவரு, வழி தெரியாம முழிச்சிகினு இருப்பான். நீதான் படிச்சவன். வானகரத்துல போய் ஏறிக்கோ, இட்டுகினு வா."

காலை ஏழு மணிக்கு வானகரத்தில், பைபாஸ் பாலத்தை ஒட்டி அந்த டிரெய்லர் நின்றிருந்தது. மரத்துக்குச் சாக்கு சுற்றி, அதன்மேல் மஞ்சள் துணி கட்டி, வால்பக்கம் வண்டியைத் தாண்டி நீண்ட நுனியில் சிவப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். டிரைவர் நாச்சிமுத்து, சங்ககிரிக்காரர், ஐம்பது வயதிருக்கும். ஹேமநாதனைக் கை கொடுத்துக் கேபினுக்குள் ஏற்றிக்கொண்டார். கண்ணாடிக்குக் கீழே கையகலத்தில் ஒரு கருவி பொருத்தியிருந்தது. அதன் திரையில் நீலக் கோடு ஒன்று நெடுஞ்சாலையிலேயே போய், பூந்தமல்லியைச் சுற்றி, கரையான்சாவடி வழியாகக் காட்டுப்பாக்கத்துக்குத் திரும்பியது.

"இன்னாண்ணே இது, ஜிபிஎஸ் பொட்டியா? இன்னும் இத வெச்சிகினு ஓட்றீங்களா?"

"மொதலாளி வாங்கி மாட்டுனதுங்க தம்பி. கரண்டு எடுக்கற காத்தாடி றெக்கை ஏத்தற வண்டிக எல்லாத்துக்கும் இருக்குதுங்க. வண்டி எத்தனை அடி நீளம், எத்தனை ஒசரம்னு இதுக்குச் சொல்லி வெச்சிருக்குதுங்க. அதுக்குத் தோதான வழியத்தான் காட்டும்."

"இது சொல்ற வழியில போனா ஒரு மணி நேரம் ஆவும்ணே. அங்க மெட்ரோ வேலை, தடுப்பு போட்டு வெச்சிருக்கானுங்க. அதெல்லாம் இந்தப் பொட்டிக்கு எங்க தெரியும்? இங்க பாருங்க, போன்ல. உள்வழி. பதினெட்டு நிமிஷம்."

நாச்சிமுத்து போனையும் பார்த்தார், கருவியையும் பார்த்தார்.

"ஒசரம் நீளமெல்லாம் அதுல கேக்குமுங்களா?"

"அண்ணே, நான் இன்ஜினியரு. இந்த ஊர்லயே பொறந்து வளந்தவன். வண்டிய எடுங்க."

அவர் கியரைப் போட்டார். உள்ளூர்க்காரர், படித்தவர், மரத்துக்குச் சொந்தக்காரர். ஒரு கூலி டிரைவர் வேறென்ன பேச முடியும்?

முதல் திருப்பம் சரியாகத்தான் இருந்தது. இரண்டாவதில் சாலை சுருங்கியது. இரண்டு பக்கமும் அடுக்குமாடி வீடுகள், வாசலில் நிறுத்திய கார்கள். "தம்பி, இது வண்டி போற ரோடாட்டம் தெரியலீங்களே" என்றார் நாச்சிமுத்து. "எரநூறு மீட்டர்தாண்ணே, அப்புறம் மெயின்ரோடு" என்றான் ஹேமநாதன். "இடது பக்கம் திரும்பவும்" என்று போனுக்குள்ளிருந்த பெண் குரல் அவனை ஆமோதித்தது.

இடது பக்கம் திரும்பியதும் வண்டி நின்றுவிட்டது. இன்ஜின் ஒரு தெருவில், டிரெய்லர் இன்னொரு தெருவில். இடப்புறச் சக்கரங்கள் ஒரு புதுக் காம்பவுண்டுச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றன. வலப்புறம் டிரான்ஸ்பார்மர். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. பின்னாலிருந்து ஒரு பெண் கத்துவது கேட்டது.

"ஹலோ, டிரைவர் அண்ணா! உங்க மரம் எங்க பால்கனிக்குள்ள வந்துடுச்சு! அபிஷேக், வந்து பாரேன்!"

மரத்தின் நுனியிலிருந்த சிவப்புத் துணி, முதல் மாடியில் காயப்போட்ட துணிகளோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து இறங்கிப் பின்பக்கம் ஓடினார். ஹேமநாதன் கேபினிலேயே உட்கார்ந்து, வேறு வழி இருக்கிறதா என்று போனைப் பார்த்தான். அப்போதுதான் திரையின் மேல்பக்கம் அவன் கண்ணில் பட்டது. நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு படம். பைக்.

தினமும் ஆபீசுக்குப் போக அவன் போட்டு வைத்திருந்த பைக் வழி. அதை மாற்றாமலேயே ஐம்பதடி வண்டிக்கு வழி சொல்லியிருக்கிறான். அவன் யோசிக்கவில்லை, கட்டைவிரல்தான் யோசித்தது. பக்கத்திலிருந்த கார் படத்தைத் தொட்டது. கோடு சந்திலிருந்து துள்ளி வெளியேறி, நெடுஞ்சாலைக்குப் போய், பூந்தமல்லியைச் சுற்றி வளைந்தது. கருவியில் காலையில் பார்த்த அதே வளைவு.

செய்தி தெரிந்து கால் மணி நேரத்தில் வரதன் வந்துவிட்டார். ஹேமநாதனின் அத்தை மகன் ஜெகதீஷ் பைக்கில் கூட்டி வந்திருந்தான். பின்னாலேயே ஊர் இளவட்டங்கள் பத்துப் பன்னிரண்டு பேர்.

"யோவ் டிரைவரு! எவன்யா உன்ன இந்தச் சந்துல உட சொன்னது?"

"தம்பி சொன்ன வழிங்க" என்று நாச்சிமுத்து கேபினைப் பார்த்தார்.

எல்லோரும் ஹேமநாதனைப் பார்த்தார்கள். அவன் இறங்கி வந்து போனை நீட்டினான்.

"மேப்பு மெயின்ரோட்டத்தான் காட்டுது பெரியப்பா."

அந்த நேரத்தில் அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வரதன் திரையை எட்டிப் பார்த்தார். திரும்பிய வேகத்தில் நாச்சிமுத்துவின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். "படிச்ச புள்ள மேல பழி போடுறியா?"

நாச்சிமுத்து கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஹேமநாதனை ஒரே ஒரு முறை பார்த்தார். "சரிங்க. வண்டிய எடுக்கறதப் பாக்கலாமுங்க" என்றார்.

சுவர் தட்சிணாமூர்த்தி என்ற வங்கி அதிகாரியுடையது. கட்டி ஆறு மாதம் ஆகவில்லையாம். "கொடிமரம்னு சொல்றீங்க, நான் என்னத்தச் சொல்ல?" என்று தலையில் கை வைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். இளவட்டங்கள் கடப்பாரை போட்டு எட்டடி நீளத்துக்கு இடித்தார்கள். ஹேமநாதன் சட்டையைக் கழற்றிவிட்டு எல்லோரையும்விட அதிகமாகச் செங்கல் சுமந்தான். "நீ ஏன்டா மச்சான் இதெல்லாம் பண்ற, ஓரமா நில்லு" என்றான் ஜெகதீஷ். அவன் நிற்கவில்லை. கை காய்த்துப் புண்ணானால் ஏதோ கொஞ்சம் கழியும் என்று ஓர் எண்ணம்.

நாச்சிமுத்து மூன்றடி பின்னால் எடுப்பார், இரண்டடி முன்னால் விடுவார். இறங்கி வந்து குனிந்து பார்ப்பார், மறுபடி ஏறுவார். இடப்புறக் கன்னம் சிவந்து கிடந்தது. இரண்டரை மணி நேரத்தில், டிரான்ஸ்பார்மரில் ஒரு கீறல் படாமல் வண்டியை வெளியே எடுத்தார். பின்விளக்கு ஒன்றும் மட்கார்டும் மட்டும் நசுங்கின.

கோயில் தெருவுக்கு வரும்போது மணி பதினொன்றேகால். ராகு காலம் முடியட்டும் என்று மரத்தைத் தெருமுனையிலேயே நிறுத்தி வைத்தார்கள். மேளக்காரர்கள் பந்தலில் சாய்ந்துவிட்டார்கள். "வரும்போதே இப்டி வந்து நிக்குதே" என்று அத்தை எல்லம்மா வாய்விட்டே புலம்பினாள். பன்னிரண்டுக்கு மேல் மேளம் முழங்க மரம் இறங்கியது. ஹேமநாதன் கழுத்தில் மாலை விழுந்தது. "அந்த டிரைவர் பண்ண கூத்துக்கு, இவன் மட்டும் கூட இல்லன்னா மரம் நாளைக்குத்தான் வந்திருக்கும்" என்று யாரோ சொன்னார்கள். மாலை கழுத்தில் அரித்தது.

அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். டிரெய்லரின் நிழலில் நின்று நாச்சிமுத்து போனில் பேசிக்கொண்டிருந்தார். எதிர்முனைக் குரல் அவனுக்கும் கேட்டது.

"பொட்டி சொன்ன வழிய உட்டுப்போட்டு நீ எதுக்குடா சந்துக்குள்ள போனே? இங்க ஆபீஸ் ஸ்கிரீன்ல செவப்பாக் காட்டுது!"

"ஊர்க்காரரு ஒருத்தரு கூட வந்தாருங்க..."

"எழுதி வாங்குனியா?"

"இல்லீங்க. இப்பக் கேட்டாலும் தரமாட்டாங்க."

"அப்ப வண்டியக் கொண்டாந்து சாவியக் குடுத்துப்போட்டு ஊட்டுக்குப் போ. பத்தொம்பது வருசம் ஓட்டுனது போதும்."

ஹேமநாதன் உள்ளே ஓடினான். மடப்பள்ளி ஓரத்தில் தனியாக நின்ற பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டு, பைக் படத்தையும் கட்டைவிரலையும் பற்றி ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். சொன்னால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தான். வரதன் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை.

"தெரியும்டா."

"இன்னா தெரியும்?"

"வெளியூர்க்காரன் தெரியாத சந்துல தானா பூருவானா? வந்து நின்னவொடனே தெரிஞ்சிபோச்சு. தர்மகர்த்தா ஊட்டுப் புள்ளதான் மரத்தச் சந்துல சொருகினான்னு காலத்துக்கும் பேசிகினு இருப்பானுங்க. அவன் இன்னிக்கிப் போய்டுவான். போ, போய் சாப்டு."

இதுவரை அந்தப் பொய் அவன் ஒருவனுடையதாக இருந்தது. இப்போது அது குடும்பச் சொத்தாகிவிட்டது.

கோயில் அலுவலறையில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து உட்கார்ந்தான். டிரைவரை உள்வழியில் போகச் சொன்னது தான்தான், அவர் தயங்கியும் தான் வற்புறுத்தியதாக எழுதிக் கையெழுத்துப் போட்டான். நாச்சிமுத்துவிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டி, அவர் சொன்ன எண்ணுக்குப் படம் எடுத்து அனுப்பினான். பத்து நிமிடத்தில் முதலாளி கூப்பிட்டார். "செரி, வண்டிய எடுத்துட்டு வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

நாச்சிமுத்து கடிதத்தை மடித்து பெர்மிட் உறைக்குள் செருகினார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டுங்களா? அவரு என்னைய அடிக்கறப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களா, இல்ல அப்பறமாத் தெரிஞ்சுதுங்களா?"

கடிதத்தில் இல்லாத ஒன்றே ஒன்று அதுதான். ஹேமநாதன் தரையைப் பார்த்தான்.

"அப்புறமாத்தாண்ணே பாத்தேன். இப்பதான்."

நாச்சிமுத்துவின் முகம் அப்படியே இளகிவிட்டது. "அதானுங்க பாத்தேன். தெரியாம நடந்ததுக்கு யாரு என்ன பண்றது? நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. எனக்கும் உங்க வயசுல பையன் இருக்கறானுங்க, அவனும் போனும் கையுமாத்தான் திரியறான்." தோளில் தட்டிவிட்டுக் கேபினில் ஏறினார். இன்ஜின் உறுமியது.

அறை வாங்கியவர் தட்டிக்கொடுத்த தோள். அந்த இடம் மட்டும் தனியாகக் கனத்தது. வண்டி பின்னால் நகரத் தொடங்கியதும் ஹேமநாதன் கூடவே நடந்தான், பிறகு ஓடினான். கதவில் அடித்தான்.

"அண்ணே! அப்பவே தெரியும்ணே! நான்தான் மாத்திக் காட்டினேன். தெரிஞ்சேதான் சும்மா இருந்தேன்."

வண்டி நின்றது. நாச்சிமுத்து இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். குரல் உயரவே இல்லை.

"வாங்க. கடுதாசி எம் மொதலாளிக்கு. அடி வாங்குனது உங்க ஊருக்கு முன்னாலீங்க."

பந்தி நடந்துகொண்டிருந்தது. இரண்டு வரிசையில் நாற்பது பேர். வரதன் நடுவில் உட்கார்ந்திருந்தார். டிரைவரைப் பார்த்ததும் யாரோ, "இவனுக்கு இங்க இன்னா வேலை?" என்றார்கள். ஹேமநாதன் இரண்டு வரிசைக்கும் நடுவில் போய் நின்று சொன்னான். பைக் வழி போட்டது, தெரிந்ததும் மாற்றியது, போனை நீட்டிக் காட்டியது. பெரியப்பாவுக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது.

ஜெகதீஷ் வெடித்துச் சிரித்தான்.

"டூ வீலர் வழியா மாமே? கொடிமரத்த பைக்குல இட்டாந்தியா?"

பந்தி முழுக்கச் சிரிப்பு பற்றிக்கொண்டது. எல்லம்மா அத்தைகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஹேமநாதன் வசவுக்குத் தயாராக வந்திருந்தான். சிரிப்புக்குத் தயாராக வரவில்லை. நாச்சிமுத்து சிரிக்கவில்லை; வரதனையே பார்த்துக்கொண்டு நின்றார். வரதன் இலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"சரி சரி, பந்தியில இன்னா பேச்சு? டிரைவருக்கு ஒரு எல போடுங்கப்பா."

வரதனிடமிருந்து நாச்சிமுத்து எதிர்பார்த்த சொல் வரவில்லை. "வேண்டாமுங்க, நேரமாச்சு" என்று திரும்பி நடந்தார்.

அந்தத் தெருவில் வண்டியைத் திருப்ப முடியாது. மெயின்ரோடு வரைக்கும் பின்னாலேயே எடுக்க வேண்டும். ஹேமநாதன் டிரெய்லரின் வாலுக்குப் போய் நின்றுகொண்டான். ஸ்கூட்டர்களை ஒதுக்கினான். கேபிள் வயரைக் கொம்பால் தூக்கிப் பிடித்தான். "வாங்கண்ணே, வரலாம், வரலாம், லெப்ட்ல ஒடிங்க" என்று தொண்டை கட்டும்வரை கத்தினான். கண்ணாடியில் நாச்சிமுத்து அவன் கையைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. மெயின்ரோடு ஏறியதும் வண்டி பூந்தமல்லிப் பக்கம் திரும்பியது, ஹாரன்கூட அடிக்காமல்.