மச்சான் பெயருக்கு வந்த கடிதங்கள்

என் தங்கையின் கணவர் அவளுக்கு ஒரு கடிதமும் எழுதவில்லை என்று அமெரிக்கத் தூதரகத்து அதிகாரி ஒருவர் முடிவு செய்தார். பதினொரு கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டே அந்த முடிவுக்கு வந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பதினொன்றும் என் பெயருக்கு வந்தவை.

எண்பதுகளின் நடுவில் நாரந்தனையில் நாங்கள் இருவரும்தான் ஒரு வீட்டில் இருந்தோம். நான் கச்சேரி எனப்படும் மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன். தங்கை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தையலும் மனையியலும் படிப்பித்தாள். தங்கையைக் கட்டிக்கொடுக்காமல் தமையன் கலியாணம் கட்டுவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே நான் காத்திருந்தேன். வந்த சம்பந்தங்களை எல்லாம் ஒவ்வொரு குறை கண்டு திருப்பி அனுப்பியவனும் நானே. ஒருவருடைய பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் பிழை. இன்னொருவருடைய உத்தியோகம் நிரந்தரமாக்கப்படவில்லை. குறைபாடுள்ள பத்திரக் கோவைகளைத் திருப்பி அனுப்புவதில் எனக்கு முப்பது வருட அனுபவம் இருந்தது.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயதானபோது நெடுந்தீவைச் சேர்ந்த ஒருவர் லீவில் வந்தார். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் பெத்லகேம் என்றொரு நகரம் இருக்கிறது. அங்குள்ள உருக்காலையில் இயந்திரப் படம் வரைவது அவருடைய வேலை. நான் என்னென்ன பத்திரம் கேட்பேனோ அவற்றை எல்லாம் நான் வாய் திறக்க முன்னரே மேசையில் அடுக்கி வைத்தார். எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. அடுப்படியில், குசினிக் கதவோடு நின்று பார்த்த தங்கை பிறகு என்னிடம், "இந்த முறை நீங்கள் ஒண்டும் சொல்லப்படாது, அண்ணை" என்றாள்.

கோயிலில் தாலி கட்டினார், பதிவுக் கந்தோரில் கையெழுத்து வைத்தார், பத்து நாள் எங்கள் வீட்டில் இருந்தார், போனார். அந்தப் பத்து நாளில் அவர் பேசியதை எல்லாம் ஒரு தபாலட்டையில் எழுதிவிடலாம்.

முதற் கடிதம் வந்த அன்று தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலே வாசற் படலையில் நின்று கூப்பிட்டார். அவர் கரம்பன் பக்கத்துக் கத்தோலிக்கர்.

"ஐயா, பெத்லகேமிலையிருந்து காயிதம். பாலன் சுகமாய்ப் பிறந்திட்டாராம்."

"அது வேறை பெத்லகேம். அமெரிக்காவிலை இருக்கு."

"அட, மாட்டுத் தொழுவத்தையும் அங்கை கொண்டு போட்டாங்களோ?"

கடிதத்தை உடைத்துப் பார்த்தால் தொழுவமும் இருந்தது. மொராவியர் என்ற கிறிஸ்தவச் சபையார் ஐரோப்பாவிலிருந்து வந்து காடு வெட்டி உண்டாக்கிய ஊர் அது. முதலில் கட்டிய மர வீட்டில் ஒரு பாதி மனிதருக்கு, மறு பாதி மாடுகளுக்கு. இயேசு பிறந்த நாளான நத்தார் இரவொன்றில் அவர்களுடைய தலைவரான கோமகன் ஒருவர் அந்த வீட்டில் தங்கினாராம். அங்கே பழைய பெத்லகேமைப் பற்றிய பாட்டொன்றைப் பாடியபோதுதான் ஊருக்கு அந்தப் பெயர் வந்ததாம். இதை மூன்று பக்கத்தில், கோடு பிசகாத எழுத்தில் எழுதியிருந்தார்.

கடிதம் "அன்புள்ள மச்சான்" என்று தொடங்கியது. வீட்டில் மூத்த ஆண் ஒருவன் இருக்கும்போது கடிதத்தை அவன் பெயருக்குப் போடுவதுதான் மரியாதை என்று வளர்ந்தவர் அவர். நானும் அப்படி வளர்ந்தவனாதலால் அதில் எனக்கு ஒரு விகற்பமும் தெரியவில்லை. அடுத்த வரி, "நீங்கள் எல்லோரும் சுகமாயிருப்பீர்கள் என நம்புகிறேன்." அதற்குப் பிறகு நகரம்தான்.

பின்னேரங்களில் நான் உரத்து வாசிப்பேன். தங்கை தைத்துக்கொண்டே கேட்பாள். யாராவது இறந்தால் அந்த ஊரில் தேவாலயத்து மேல்மாடத்தில் ஏறி நீண்ட பித்தளைக் குழல் ஊதுவார்களாம். இறந்தவர் மணமானவரா, கைம்பெண்ணா, மணமாகாதவரா என்பதற்கேற்ப மெட்டு மாறுமாம்.

"போன வருசம் நான் செத்திருந்தால் ஒரு மெட்டு, இப்ப செத்தால் வேறை மெட்டு" என்றாள் தங்கை. "பத்து நாளிலை எவ்வளவு மாற்றம் பாருங்கோ, அண்ணை."

மணமாகாத பெண்கள் சேர்ந்திருந்து நெய்யவும் தைக்கவும் கல்லால் ஒரு பெரிய வீடு கட்டியிருந்தார்கள் என்று மற்றொரு கடிதம் சொன்னது. "எங்கடை ஊரிலை தமையன்மார்தான் அந்த வீடு" என்றாள். பழைய யுத்தமொன்றில் காலில் காயம்பட்டு வந்த பிரெஞ்சுப் பிரபு ஒருவரையும், அவரைப் பராமரித்த வீட்டுப் பெண்ணையும் சேர்த்து அங்கே இன்றும் கதை சொல்கிறார்களாம். அதற்கு அவள், "ஊர் வாய் எல்லா ஊரிலையும் ஒண்டுதான்" என்றாள். அந்த ஊரில் பிறந்து, கடல் கடந்து வேறு நாடுகளில் வாழ்ந்து, முடிவில் பிறந்த ஊரிலேயே அடக்கமான ஒரு பெண் கவிஞரைப் பற்றி வாசித்தபோது மட்டும் தையலை நிறுத்திக் கேட்டாள்.

பதில் எழுதியவன் நான். அந்த ஊர்ப் பழைய நீர் இயந்திரத்தில் தண்ணீர் எந்த உயரத்துக்கு ஏறியது, மயானத்தில் கல்லறைகள் எந்த ஒழுங்கில் இருக்கின்றன என்று கேள்விகளை இலக்கமிட்டுக் கேட்பேன். கீழே "தங்கை சுகம்" என்று முடிப்பேன். வந்த கடிதங்களைத் துளையிட்டு, நீலப் பென்சிலால் திகதி போட்டு, என் பதில்களின் கார்பன் பிரதிகளோடு கோவையில் கட்டினேன். யுத்த காலமாதலால் சில உறைகள் வழியில் யாரோ உடைத்து ஒட்டியபடி வந்தன. நீர் ஏற்றும் இயந்திரத்தை அவர் படம் போட்டு விளக்கிய கடிதம் இரண்டு மாதம் பிந்தி வந்தது. யாரோ எங்கோ அதை வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்திருக்க வேண்டும்.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு, அவளும் அங்கே போவதற்கான விசாவுக்காகத் தூதரகத்தில் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. நாற்பது தாண்டிய பெண், பத்து நாள் தாம்பத்தியம், அமெரிக்காவில் மாப்பிள்ளை. இப்படிப்பட்ட விண்ணப்பத்தை நான் பரிசீலித்தாலும் சந்தேகப்படுவேன். ஆகவே நகரத்தைப் பற்றி என்ன கேட்டாலும் சொல்லக்கூடியதாக நாற்பது வினாவும் விடையும் தயாரித்தேன். பஸ்ஸில் ஆனையிறவிலும் வவுனியாவிலும் சோதனைக்கு இறங்கி ஏறிக் கொழும்பு போய்ச் சேர்ந்தோம். வழியில் ஒரு சிப்பாய் கோவையைத் தலைகீழாகப் பிடித்து, கவனமாகப் பார்த்துவிட்டுத் தந்தான்.

துணைக்கு வருபவர் உள்ளே போக விதியில்லை. நான் தெருவில் நின்றேன். அவள் ஒரு துண்டுக் கடதாசியோடு வெளியே வந்தாள். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்தோம்.

"என்ன கேட்டவை?"

"நகரத்தைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. அவர் காலமை என்ன சாப்பிடுறவர் எண்டு கேட்டவை."

"நீ என்ன சொன்னனி?"

"பத்து நாளும் இடியப்பம் குடுத்தனான், சாப்பிட்டவர் எண்டு சொன்னனான். அங்கை என்ன சாப்பிடுறாரோ ஆருக்குத் தெரியும்?"

பிறகு அதிகாரி கடிதங்களைக் கேட்டிருக்கிறார். கோவையைக் கொடுத்திருக்கிறாள். மொழிபெயர்ப்பாளர் ஒன்றை வாசித்தார்: தண்ணீர் இயந்திரம். இன்னொன்றை வாசித்தார்: மயானம். எல்லாம் யாருக்கு எழுதியவை என்று அதிகாரி கேட்டார். தமையனுக்கு என்றாள்.

"'உங்களைப் பற்றி எந்த இடத்திலை எழுதியிருக்கிறார்?' எண்டு கேட்டவர். 'நீங்கள் எல்லோரும் சுகமாயிருப்பீர்கள் எண்டதிலை நானும் அடக்கம்' எண்டு சொன்னனான். மொழிபெயர்க்கிறவர் சிரிச்சிட்டார். மற்றவர் சிரிக்கேல்லை."

திருமணம் உண்மையானது என்பதற்கு மூன்று மாதத்துக்குள் மேலதிக ஆதாரம் தேவை என்று துண்டில் இருந்தது. கிடைக்காவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அவள் தேத்தண்ணியை முழுக்கக் குடித்தாள். நான் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் திறமைகளைக் கடை பரப்பினேன். சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி, கோயில் ஐயரிடம் ஒரு கடிதம், கிராம சேவையாளரிடம் ஒரு உறுதிப்பத்திரம். மூன்றுக்கும் வரைவு எழுதினேன். தங்கை அவற்றை ஒருபக்கம் தள்ளிவிட்டுக் கோவையைத் திறந்து, கையில் பென்சிலை எடுத்தாள்.

"பிள்ளை, ஆவணத்திலை கை வைக்கப்படாது!"

"அப்ப அழிறப்பரையும் எடுத்து வையுங்கோ."

தண்ணீர் இயந்திரத்தின் கடிதத்தில் ஒரு வசனத்தின் கீழ்க் கோடிழுத்தாள். ஆற்றோரத்து ஊற்றிலிருந்து மேட்டிலிருந்த வீடுகளுக்கு, அந்தக் காலத்திலேயே சுழலும் நீர்ச்சில்லாலும் மரக்குழாயாலும் தண்ணீர் ஏற்றிய புதுமையை விளக்கிவிட்டு அவர் எழுதியிருந்தார்: "இப்போது என் வீட்டில் குழாய் மேல்மாடி வரை வருகிறது. யாரும் குடம் தூக்கத் தேவையில்லை."

எங்கள் கிணறு உவர். அவள் நாள்தோறும் கோயில் கிணற்றுக்குக் குடத்தோடு போய் வருவாள். "மூண்டாம் நாள் அவர் குடத்தை என்னட்டை வாங்கித் தான் தூக்கிக்கொண்டு வந்தவர். ஒழுங்கைச் சனம் முழுக்கச் சிரிச்சது. நீங்கள் அண்டைக்குப் பென்சன் எடுக்கப் போனனீங்கள்."

மணமாகாத பெண்களின் கல்வீட்டைப் பற்றிய கடிதம்: "யன்னல்கள் தெற்குப் பக்கம். தைப்பதற்கு நல்ல வெளிச்சம். என் வீட்டிலும் தெற்குப் பக்கத்தில் அப்படி ஒரு யன்னல் உண்டு." நான் அதைக் கட்டடக்கலைக் குறிப்பு என்று நினைத்திருந்தேன்.

மயானத்தைப் பற்றிய கடிதம். அங்கே கற்கள் எல்லாம் தரையோடு தட்டையாக, செல்வந்தனுக்கும் ஏழைக்கும் ஒரே அளவில் கிடக்குமாம். ஆனால் ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம். கணவன் பக்கத்தில் மனைவி இல்லை. அதன் கீழே: "இது பழைய சபையாருக்கு மட்டும். மற்றவர்கள் சேர்ந்தே இருக்கலாம். விசாரித்தேன்."

நகரத்துக்கு மேலே மலை உச்சியில் பெரிய மின்விளக்கு நட்சத்திரம் ஒன்று உண்டு. அதைப் பற்றிய கடிதம் இப்படி முடிந்திருந்தது: "குசினி மேசையில் இருந்தால் நட்சத்திரம் தெரியும். மேசைக்கு இரண்டு கதிரை போட்டிருக்கிறேன்." அதன் ஓரத்தில் என் நீலப் பென்சில், "தளபாட விபரம், அவசியமில்லை" என்று குறித்திருந்தது.

"அவர் எனக்குத்தான் எழுதினவர், அண்ணை. உங்கடை பேருக்கு அனுப்பினவர். அவ்வளவுதான்."

"நீ ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"நீங்கள் ஆசையாய் வாசிச்சுக்கொண்டு இருந்தனீங்கள். அதோடை, நான் சொன்னதை எல்லாம் நீங்கள்தானே அவருக்கு எழுதினனீங்கள்."

கார்பன் பிரதிகளைப் புரட்டினேன். குழல் மெட்டைப் பற்றிய அவளுடைய பேச்சு அங்கே இருந்தது. தமையன்மாரே வீடு என்றதும் இருந்தது. நகைச்சுவைக்காகச் சேர்த்ததாக எனக்கு நினைவு. அடுத்த கடிதத்தில் அவர் அதற்குப் பதில் சொல்லியும் இருந்தார். முப்பது வருடம் லிகிதராக இருந்தவன் ஓய்வுக்குப் பிறகு தபாற்பெட்டியாக இருந்திருக்கிறேன். பெட்டி தனக்குள் போடப்பட்டதை உரத்து வாசித்து, சந்தேகங்களும் கேட்டிருக்கிறது.

இரண்டாம் முறை அவள் சத்தியக் கடதாசி எதையும் கொண்டுபோகவில்லை. அதே பதினொரு கடிதங்களையும் என் கார்பன் பிரதிகளையும் கொண்டுபோனாள். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், தானே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வாசிப்பதாகச் சொல்லி அனுமதி வாங்கினாளாம். கோடிட்ட வசனங்களை ஒவ்வொன்றாக வாசித்து, குடத்தின் கதையையும் சொல்லியிருக்கிறாள். நான் தெருவில் முதல் முறையை விட இரண்டு மடங்கு நேரம் நின்றேன். கால் உளைந்ததை விதி என்று எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்தவள் என்னைத் தாண்டி நாலடி நடந்துவிட்டுத் திரும்பினாள்.

"சரி எண்டிட்டினம், அண்ணை."

"ரசீது தந்தவையோ?" என்று கேட்டேன்.

"தந்தவை. முடிவிலை ஒரு கேள்வி கேட்டவர். உங்கடை ஊரிலை எல்லா ஆம்பிளையளும் பெண்சாதிக்கு இப்பிடித்தான் எழுதுறவையோ எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"எல்லாருக்கும் ஏலாது, அதுக்கு ஒரு மச்சான் இருக்கவேணும் எண்டு சொன்னனான்."

பயணத்துக்கு முதல் நாள் அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது கோவையை மேசை லாச்சியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். விதிப்படி ஒரு கடிதம் யாருடைய முகவரிக்கு வந்ததோ அவருடைய உடைமை. அந்த விதி எனக்கு மனப்பாடம். அவள் கட்டை அவிழ்த்து, பத்துக் கடிதங்களை எடுத்துச் சேலைகளுக்கு நடுவே வைத்தாள். ஒன்றைத் திரும்ப என்னிடம் நீட்டினாள்.

"இது உருக்காலையைப் பற்றினது. நல்லாத் தேடிப் பார்த்திட்டன், இதிலை எனக்கு ஒண்டும் இல்லை. இதை உங்களுக்குத்தான் எழுதியிருக்கிறார்."

அவள் போன பிறகு முற்றத்தில் கதிரையைப் போட்டு அதை வாசித்தேன். ஆற்றோரம் வரிசையாக நிற்கும் ஊது உலைகள், அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் கட்டிய பெரிய பாலத்துக்குப் போன உருக்கு, ஆலையை வளர்த்துச் செல்வத்தின் உச்சிக்குப் போய் முடிவில் ஒன்றுமில்லாமல் இறந்த முதலாளி, பேரிரைச்சலில் வேலை செய்வோர் கையாலேயே பேசிக்கொள்ளும் விதம். ஒரு சந்தேகத்தில் மறுபடியும் வாசித்தேன். அவள் சொன்னது சரி. மூன்று பக்கமும் எனக்கே எழுதப்பட்டிருந்தது.