மூன்றாவது வளைவில் ஒரு கசிவு

என் கணவர் ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்; இராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். அவர் லீவில் வரும்போது எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கும். எனக்கு லீவு விடும்போது அவர் எங்கேயோ பனியில் நிற்பார். ஊருக்குத் திரும்பிய பிறகும் சும்மா இருக்க முடியாமல் ஒரு பஞ்சாலையில் செக்யூரிட்டி வேலைக்குப் போய்விட்டார். ஆக, கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேல் கழித்து, நான் ஓய்வு பெற்று அவரும் வேலையை விட்ட பிறகுதான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்தோம். வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை வெட்டினோம்.

அவருடைய முட்டியில்தான் அது ஆரம்பித்தது. ஆபரேஷன் முடிந்து, காலையும் மாலையும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரோட்டில் நடக்க அவருக்குப் பிடிக்கவில்லை. கையில் தடியைப் பார்த்தால் ஆளாளுக்கு நிறுத்தி விசாரிப்பார்கள். அதனால் பின்பக்கத் தோட்டத்தில் நடந்தார். தோட்டம் என்று சொல்கிறேனே தவிர, அப்போது அங்கே மூன்று தென்னையும் ஒரு சப்போட்டாவும்தான். மீதியெல்லாம் வெறும் செம்மண். மேற்குச் சுவரிலிருந்து துணி துவைக்கிற கல் வரைக்கும் போவார், திரும்புவார். இரண்டு வாரம் இப்படிப் போனது. ஒரு நாள் சமையலறை ஜன்னலுக்கு நேராக வந்து நின்றார்.

“ஏட்டி, இந்தத் தரையப் பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சு. இதுல ஒரு ஓடை ஓடுனா எப்படியிருக்கும்?”

“ஓடையா? தண்ணிக்கு எங்க போக?”

“மோட்டார் போட்டுச் சுத்த விடுவோம். கீழ போற தண்ணியே மறுபடி மேல வரும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று மத்தியானமே ஒரு ரப்பர் டியூபில் தண்ணீர் நிரப்பி, மட்டம் பார்க்கத் தோட்டத்தில் நின்றது நான்தான். மேற்குப் பக்கம் ஒன்றரை அடி உயரமாக இருந்தது. தண்ணீர் ஓட அது போதும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய் வந்து பார்த்தார். தண்ணீருக்குள்ளேயே கிடந்து ஓடும் சின்ன மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து, கீழே ஒரு குழி வெட்டி அதில் இறக்கினார். அங்கிருந்து மண்ணுக்கடியில் குழாய் பதித்து, மேற்குச் சுவரோரம் கொண்டுபோய் விட்டார். கான்சாபுரத்தில் விவசாயம் பார்க்கும் என் தம்பியிடம் பண்ணைக்குட்டைக்கு விரித்ததுபோக மிஞ்சிய கறுப்புத் தார்ப்பாய் இருந்தது. வெட்டிய வாய்க்காலில் அதை விரித்தோம். அவன் கிணறு ஆழப்படுத்தியபோது கிளம்பிய கற்களையும் ஒரு டிராக்டரில் ஏற்றி அனுப்பினான்.

இந்த இடத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் எங்கள் புத்தியைக் காட்டினோம். வாய்க்கால் எங்கேயும் சரியாக இரண்டடி அகலம் இருக்க வேண்டும் என்று ஸ்கேல் வைத்து அளந்தேன். அவர் கற்களைப் பெரிசு, நடுத்தரம், சின்னது என்று மூன்று குவியலாகப் பிரித்து, நூல் கட்டி, இரண்டு கரையிலும் அணிவகுப்புக்கு நிறுத்துகிற மாதிரி நிறுத்தினார். மோட்டாரைப் போட்டோம். தண்ணீர் ஒழுங்காக ஓடியது. நாங்கள் பெருமையாக நின்றுகொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“டீச்சர், குளிக்கிற தண்ணி போகதுக்கா? ரொம்ப நேர்த்தியா கட்டியிருக்கீக.”

அவர் கேட்டதில் கேலியே இல்லை. அதுதான் எங்களைக் கொன்றது. என் கணவர் மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் பேப்பரை விரித்தார். இரண்டு நாள் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. நடையும் நின்றுபோனது.

மூன்றாம் நாள் காலையில், “நிஜ ஓடை எப்படி இருக்குன்னு போய்ப் பாத்துட்டு வருவோம், வாங்க” என்று ஆட்டோவைக் கூப்பிட்டேன். மலையடிவாரத்தில் அய்யனார் கோயில் ஆற்றுக்குப் போனோம். முந்தைய வாரம் மலையில் மழை. ஆற்றில் முழங்காலளவு தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஒரு கையில் தடியும் இன்னொரு கை என் தோளிலுமாக அவர் கரையிறங்கி ஒரு பாறையில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது. பெரிய கல் எதுவும் தரைமேல் வைத்தது மாதிரி இல்லை. பாதி உடம்பு மண்ணுக்குள் இருந்தது. தண்ணீர் ஒரு பாறையில் முட்டி ஒதுங்கிய இடத்தில் ஆழமும், எதிர்ப்பக்கம் பொடிக்கல்லும் மணலும். ஓரிடத்தில் ஆறு அகலமாகிச் சும்மா கிடந்தது. அடுத்த பத்தடியில் இரண்டு பாறைக்கு நடுவில் நெருங்கிச் சத்தம் போட்டது.

“ஒரு கல்லாவது வரிசையில நிக்குதா பாரு” என்றார் அவர். “இம்புட்டு ஒழுங்கீனத்துல இம்புட்டு அழகு.”

கிளம்பும்போது அவர் கை மூடியிருந்தது. திறக்கச் சொன்னேன். உள்ளே முட்டை வடிவத்தில் ஒரு கூழாங்கல்.

“காட்டுல இருந்து ஒண்ணும் எடுக்கக் கூடாது. வைங்க கீழ.”

குனிந்தார். அந்தக் கல் கிடந்த பள்ளத்தைத் தேடி, அதிலேயே வைத்துவிட்டு நிமிர்ந்தார். முட்டி வலித்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பிரித்தோம். வேலையாட்கள் இரண்டு பேர் வாய்க்காலை மறுபடி வெட்டினார்கள். இந்தத் தடவை நான் ஸ்கேலை எடுக்கவில்லை. சுண்ணாம்புப் பொடியைக் கையில் அள்ளி, நடந்துகொண்டே தூவினேன். அது வளைந்த இடத்தில் வாய்க்கால் வளைந்தது. சப்போட்டா மரத்தைச் சுற்றி ஒரு திருப்பம், அதற்குக் கீழே சின்னத் தேக்கம், பிறகு ஒரு சாண் உயரத்திலிருந்து விழுகிற மாதிரி ஒரு படி. அவர் நாற்காலியில் உட்கார்ந்து தடியால் காட்டக் காட்ட, கற்கள் இறங்கின. பெரிய கல்லுக்கெல்லாம் பள்ளம் எடுத்து, தார்ப்பாயோடு சேர்த்துப் பாதி புதைத்தோம். தார்ப்பாய் தெரியாதபடி மணலும் பொடிக்கல்லும் கொட்டினோம். மூன்றாவது வளைவில் ஒரு கல்லைப் பற்றி மட்டும் தகராறு வந்தது. பச்சை வரி ஓடிய, முதுகு அகலமான கல் அது.

“அது வழிய அடைக்கும்” என்றார்.

“அடைச்சா அடைக்கட்டும். எனக்கு அது அங்கதான் வேணும்.”

வைத்தோம். மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் வளைந்து, தேங்கி, படியில் விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவர் எழுந்து, தடியை மறந்து, ஓடையோடு கூடவே கீழே வரைக்கும் நடந்துபோனார்.

சாயந்திரம் பார்த்தால் கீழ்க்குழியில் பாதித் தண்ணீரைக் காணோம். நிரப்பினோம். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் மோட்டார் காற்றை இழுத்துக் கத்தியது.

“தார்ப்பாய் கிழிஞ்சிருக்கு. கல்ல இறக்கும்போது நான் கவனிச்சிருக்கணும். எல்லாத்தையும் பிரிச்சிர வேண்டியதுதான்” என்றார். முகம் வாடிவிட்டது.

“இன்னொரு தடவை பிரிக்க என்னால ஆகாது” என்று நானும் சத்தம் போட்டேன்.

பாய் வந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “செத்த பொறுங்க டீச்சர். மோட்டார நிறுத்திட்டு, குழியில தண்ணி நிக்கிற எடத்துல ஒரு கோடு போட்டு வைங்க. நாளைக்கும் கோட்டுலயே நின்னா குழி நல்லாயிருக்கு. பொறவு மேல தேடலாம்.”

மறுநாள் தண்ணீர் கோட்டிலேயே நின்றது. ஓடைதான் குடிக்கிறது. மோட்டாரைப் போட்டுவிட்டு, நான் மேலிருந்து கரையோரமாகக் குத்தவைத்து, இரண்டு பக்க மண்ணையும் கையால் தொட்டுத் தொட்டு வந்தேன். முதல் வளைவில் மண் காய்ந்திருந்தது. இரண்டாவதிலும் காய்ந்திருந்தது. மூன்றாவது வளைவில் விரல் சேற்றுக்குள் போனது. பச்சைக் கல்லில் முட்டிய தண்ணீர் ஒரு விரற்கடை ஏறி, தார்ப்பாயின் ஓரத்தைத் தாண்டி மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கேயும் ஒரு கிழிசல் இல்லை.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “நீங்க சொன்னதுதான் சரி. என் கல்லுதான் காரணம். எடுத்திருவோம்” என்றேன். வகுப்பறையில் கரும்பலகையில் தப்பாகப் போட்ட கணக்கை மாணவர்கள் முன்னால் அழித்த நாட்களில் கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை.

அவர் கல்லைத் தடியால் தட்டிப் பார்த்தார். பிறகு தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, கரையில் உட்கார்ந்து, தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி, அடியில் மண்ணை அள்ளிப் போட்டுக் கெட்டியாகத் தட்டி மெத்தினார். ஒரு சாண் நீளத்துக்குக் கரை உயர்ந்தது.

“கல்லு எங்கயும் போகாது. அது இருந்தாத்தான் தண்ணி திரும்புது. நீ அந்த மம்பட்டிய எடு” என்றார்.

அதற்குப் பிறகு குழியில் தண்ணீர் குறையவில்லை. வெயிலுக்குப் போவது மட்டும்தான். கொசுவுக்காகத் தேக்கத்தில் மீன் குஞ்சு விட்டோம். கரையில் வல்லாரையும் கோரையும் தானாகவே பிடித்தன. காலையில் தவிட்டுக் குருவிகள் கூட்டமாக வந்து, தண்ணீர் விழுகிற படியில் குளித்துச் சண்டை போடும். பக்கத்து வீட்டம்மா காபி டம்ளரோடு இந்தப் பக்கம் வந்து உட்காரப் பழகிவிட்டார்.

கோடையில் ஊரில் குடிதண்ணீரே தட்டுப்பாடானபோது மீன்களைத் தொட்டிக்கு மாற்றிவிட்டு மோட்டாரை நிறுத்தினோம். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் காய்ந்து கிடந்த ஓடையைப் பார்த்தால், சித்திரை மாதத்தில் நம் பக்கத்து ஓடைகள் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. அவர் அதன் ஓரமாகவே நடந்தார்.

வெயில் தணிந்ததும் பாயைக் கூப்பிட்டு, மாடியில் விழும் மழைத்தண்ணீர் இறங்கும் குழாயை ஓடையின் தலைப்பில் கொண்டுவந்து சேர்க்கச் சொன்னோம். ஐப்பசியில் முதல் பெருமழை ஒரு மத்தியான நேரத்தில் பிடித்தது. கரண்டு போய்விட்டது. ஓடை கலங்கிச் சிவந்து, இலையும் சுள்ளியுமாகத் தானாக ஓடி வந்தது. நாங்கள் ஒரே குடைக்குள் நின்று பார்த்தோம். அவருடைய இடது தோளும் என்னுடைய வலது தோளும் நனைந்துகொண்டிருந்தன. உள்ளே போகலாம் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.